அறுநூறு மில்லிமீட்டர் தூரம்

ஆவரங்குளத்தில் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், அண்ணன் வீட்டுச் சுவரே தம்பி வீட்டுச் சுவராகவும், ஊருக்கெல்லாம் ஒரு மினி பஸ்ஸும் ஒரு குழாயடியுமாகவும், எதிர்வீட்டில் யாராவது தும்மினால் இந்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்திவிட்டு மூச்சுக்குள் ஒரு வசவையும் சேர்த்துக்கொள்வது வழக்கமாகவும் இருந்த காலத்தில், ஒரு ஆடி மாதக் காற்றோடு அந்த லென்ஸ் மினி பஸ்ஸில் வந்து இறங்கியது. கைக்குழந்தைக் கனம் இருந்தது. கழுத்தை நீட்டினால் நூற்றைம்பதிலிருந்து அறுநூறு மில்லிமீட்டர் வரை போகும், குளத்தின் அக்கரையில் நிற்கிற நாரையின் கண்ணில் தூசி விழுந்தால் இக்கரையிலிருந்தே படம் பிடிக்கலாம் என்று அதைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் ஜெரோம் சொன்னான். சோதித்துப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு.

லென்ஸை வாங்கிக்கொண்ட தவசிமுத்து, பஜாரில் சங்கிலியின் டீக்கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். காலையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பான். மத்தியானத்துக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பெனிகள் அனுப்பிவைக்கிற லென்ஸ்களைச் சோதித்து யூடியூபில் தீர்ப்புச் சொல்வான். அவன் தீர்ப்பைக் கேட்காமல் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிற தமிழர்கள் லென்ஸ் வாங்குவதில்லை என்று அவன் நம்பினான், அவர்களில் சிலரும் நம்பினார்கள். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு இரண்டே கேள்விதான்: நடுவில் ஷார்ப்பாக இருக்கிறதா, ஓரத்தில் மங்குகிறதா. தன் கல்யாணத்தில் தாலி கட்டுகிறபோது முதல் முடிச்சோடு நிறுத்தி, எதிரே நின்ற போட்டோக்காரரிடம், அண்ணே அந்த லென்ஸில் முகம் அகலமாக விழும், ரெண்டெட்டு பின்னால் போங்கள் என்று சொன்னவன் அவன். மீதி முடிச்சுகளை அக்கா போட்டாள். மனைவி முத்துச்செல்வி அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கிற யோசனையும் அவளுக்கு இல்லை.

முதல் படம் ஜெரோமை எடுத்ததுதான். பெட்டியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனவனை ஸ்டுடியோ ஜன்னலிலிருந்து சும்மா ஒரு தட்டு தட்டினான். சட்டைப் பொத்தானின் ஓட்டைகளை எண்ணும்படி விழுந்தது. அப்புறம் குளத்தங்கரைக்குப் போய் நத்தைகுத்தி நாரைகளை எடுத்தான். இறக்கை ஓரத்தில் ஊதா விளிம்பு விழவில்லை, பறவைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றான். நிலாவை எடுத்தான், அதன் அம்மைத்தழும்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஆடி பார்க்காத கிறிஸ்தவக் கல்யாணம் ஒன்றின் மண்டப வாசலில் ஸ்டாண்டைப் போட்டு மேடையிலிருந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்தான். கன்னத்துப் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிந்ததால், கல்யாணத்துக்கு ஆகாது, சம்பந்தம் கெடும் என்றான். பொதுக்கூட்டத்துக்குப் பரவாயில்லை, பேச்சாளரின் எச்சில்கூட முத்துமுத்தாக விழுகிறது என்றான். விளையாட்டுப் படம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்குத் தோதாகப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின ஓட்டப்பந்தயம் வந்தது, அவன் மகள் மிருதுளா நாலாம் வகுப்பு சார்பில் ஓடினாள்.

மற்ற அப்பாக்கள் எல்லாரும் பந்தயம் முடிகிற இடத்தில் கயிற்றுக்குப் பின்னால் நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, தவசிமுத்து மட்டும் மைதானத்தின் எதிர்க்கோடியில் வாதாம் மரத்தடியில் நின்றான். அங்கே நின்றால்தான் பின்னணி வெண்ணெய்போலக் கரையும், ஓடிவருகிற பிள்ளை நிற்கிற பிள்ளை மாதிரித் துல்லியமாக விழும், லென்ஸின் உண்மையான குணம் தெரியும். லென்ஸ்காரர்களைத் தவிர வேறு எந்த அப்பாவுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. கண்ணை இடுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடிவந்த மிருதுளாவை அவன் லென்ஸின் கழுத்தை முழுதும் நீட்டி எடுத்தான். அவள் கடைசிக்கு முன்னால் வந்தாள், படம் முதல்தரமாக வந்தது.

ஆறுதல் பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மிருதுளா அப்பாவைத் தேடி நடந்தாள். தவசிமுத்துவும் கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே அவளை நோக்கி நடந்தான். கொஞ்சநேரம் நடந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வாதாம் மரம் அவன் பக்கத்திலேயே இருந்தது. வேகமாக நடந்தான், மரம் கூடவே வந்தது. ஓடினான், மரமும் மூச்சு வாங்காமல் ஓடிவந்தது. அந்தப் பக்கம் மிருதுளாவும் நடந்தாள், நடந்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டிய கம்பு அப்படியே நின்றது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பி.டி. வாத்தியார் மைதானத்துக்கு மண் அடித்த காண்ட்ராக்டரைத்தான் திட்டினார். மண் சரியில்லை, காலைப் பிடித்து இழுக்கிறது என்றார்.

மண் என்ன செய்யும் பாவம். அன்று சாயங்காலம் தார் ரோட்டிலும் அதே கதைதான். மிருதுளா வீட்டில் இருந்தால் தவசிமுத்துவால் டீக்கடை வாசல்வரைதான் வர முடிந்தது. தெருக்கோடியில் இருந்த வீட்டுக்கும் டீக்கடைக்கும் பள்ளி மைதானத்து நீளம் அப்படியே பொருந்தியது. அதற்கு மேல் எத்தனை எட்டு வைத்தாலும் டீக்கடை கூடவே வந்தது. அவன் நடந்துகொண்டே இருக்க, சங்கிலி அவனுக்கு டீ ஆற்றிக் கையில் கொடுத்தான். அவன் நடந்துகொண்டே குடித்தான். மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்கள் அவன் நடந்து கடக்காத அந்த இடத்தை விட்டுத் தள்ளி பெஞ்சைப் போட்டுக்கொண்டார்கள். படத்தை அழித்துப் பார்த்தான், கேமராவையே மாற்றிப் பார்த்தான், தூரம் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொண்டான். முத்துச்செல்வி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

“கிட்ட இருந்தப்ப மட்டும் என்னத்தப் பாத்துக் கிழிச்சீங்க? சோத்துல கை வச்சா கண்ணு அந்தப் பெட்டியில. பிள்ள ஓடிவந்து மேல விழுந்தா, தள்ளி நில்லு, லென்ஸு மேல கை பட்டுரும்னீங்க. அது தள்ளி நின்னுட்டு.”

தவசிமுத்து சோற்றைப் பிசைந்தான்.

விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் சங்கிலிதான். பத்தாம் நாள் லென்ஸை வாங்கிப்போக வந்த ஜெரோம், பஸ் ஸ்டாப்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே நடந்து நடந்து சட்டை நனைந்து, ‘விமர்சகர் எட்டும் தூரத்தில் இல்லை’ என்று கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனான். கல்யாணப் படத்தைக் கொடுக்கப் போன தவசிமுத்து மாப்பிள்ளை வீட்டு முக்கில் முக்கோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தான். நாரைகள் முன்பும் யாரையும் கிட்டே விட்டதில்லை, நிலாவும் யாருக்கும் கிட்டே வந்ததில்லை, ஆகையால் அந்த இரண்டும் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. இதையெல்லாம் டீ ஆற்றியபடியே கூட்டிக் கழித்துப் பார்த்த சங்கிலி, பட்டனை அமுக்கியவனுக்கும் படத்தில் விழுந்தவனுக்கும் அந்த நேரத்தில் எவ்வளவு தூரமோ, அதற்கப்புறம் அதைவிடக் கிட்டே வர முடியாது என்று சொன்னான். கடையில் ஒருவர்கூட, ஐயோ மகளை விட்டு இப்படிப் பிரிந்துவிட்டானே என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவரவருக்கு வேண்டாதவர்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஸ்டுடியோ மாடிப்படியில் வரிசை நின்றது. ஒட்டுச்சுவர் வீட்டு அண்ணன் முதலில் வந்து, தெருமுக்கிலிருந்து தம்பியைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அண்ணன் வீட்டிலிருந்தால் தம்பி வீட்டுக்குள் வர முடியாது, தம்பி இருந்தால் அண்ணன் வர முடியாது, பொங்கலைக்கூட இனி ஆளுக்கொரு நாள்தான் வைக்க முடியும் என்றார்கள், அதைச் சொல்லும்போது இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. ஒரு மருமகள் மொட்டைமாடியிலிருந்து மாமியாரை எடுத்தாள், அதே நாள் காலையிலேயே மாமியார் கிணற்றடியிலிருந்து மருமகளை எடுத்திருந்தாள். தூரம் யாருடையது என்று இருவருக்கும் வாக்குவாதம், அதையும் தெருவின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நின்று கத்தித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் ஊரில் பாதிப் பேரின் படத்தில் விழுந்து, கடைசியில் குளத்துக்குள் நாரைகளோடு நின்றுதான் போனில் பாலிசி பேச முடிந்தது.

பேரூராட்சித் தலைவர் வெயிலுகந்தான் இதையெல்லாம் விட ஒரு படி மேலே யோசித்தார். குறை தீர்க்கும் நாளன்று மனுவோடு வந்த அத்தனை பேரையும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிற்கச் சொல்லி, குரூப் போட்டோ எடுக்கப் போகிறேன் என்றார். ஜனங்கள் தலையை வாரிக்கொண்டு, பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, சந்தோஷமாகச் சிரித்தபடி நின்றார்கள். தலைவர் அலுவலக வாசலிலிருந்து தம் விரலாலேயே பட்டனை அமுக்கினார். அடுத்த வாரம் குறைகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயே நின்றுவிட்டன. மனுவே வராத ஊர் என்று மாவட்டத்தில் ஆவரங்குளத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள், தலைவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

மேலத்தெருப் பெரியவர்களுக்கு மட்டும் லென்ஸ் மேல் பெரிய மதிப்பு இல்லை. யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாய் எதற்கு, எங்கள் தாத்தா காலத்தில் ஒரு பார்வையிலேயே நடந்த காரியம் இது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்ட கீழத்தெரு லைன்மேன் இசக்கிராஜ், தவசிமுத்துவிடம் லென்ஸை வாங்கிப்போய், கீழத்தெருக் கடைசிக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்து, பட்டனை விரலெடுக்காமல் அமுக்கி மேலத்தெருக்காரர்களை வீடு வீடாக எடுத்துவிட்டான். ஐப்பசி மழையின் முதல் இடியில் மேலத்தெரு டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, மிக்சி இல்லை. பெரியவர்கள் பனையோலை விசிறியோடு தெருவுக்கு வந்து, ஏம்ப்பா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய், தப்பாகப் பேசியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று தூரத்திலிருந்து நயமாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இசக்கிராஜ் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே நின்றான்.

“நான் என்ன வரமாட்டேன்னா சொல்லுதேன்? வர முடியலங்கேன். நீங்க எல்லாரும் ஊரக் காலி பண்ணிட்டுப் போனீயன்னா, ஒரு நிமிஷத்துல கரண்டு குடுத்துருவேன்” என்றான்.

இதற்குள் லென்ஸ் தவசிமுத்துவின் கையைவிட்டுப் போயிருந்தது. இவ்வளவு பெரிய பொதுச்சொத்தை ஒரு ஸ்டுடியோவில் வைத்திருக்கக் கூடாது என்று, தலைவர் இடைவெளிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, டீக்கடைக்கு எதிரே இருந்த பேரூராட்சி அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டார். உள்ளே ஈரம் ஏறாமல் இருக்க ஒரு பல்பு எரிந்துகொண்டே இருந்தது, சிலிகா ஜெல் பொட்டலங்கள் சுற்றிலும் அடுக்கப்பட்டிருந்தன. ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். தவசிமுத்துவைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்து ஒரு கதர்த் துண்டு போர்த்தினார்கள்.

அந்தப் பதவியை அவன் மறுக்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மிருதுளா வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். அவன் டீக்கடை முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவான். அவள் ஆட்ட மாட்டாள். முகத்தைச் சுளித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஃபோகஸ் சரிபார்க்கிறேன் என்று பெட்டியைத் திறந்து, பட்டனைத் தொடாமல், லென்ஸ் வழியாக மட்டும் அவளைப் பார்த்துக்கொள்ள ஆலோசகருக்கு அனுமதி இருந்தது. பார்த்தால் கண்ணிமை மயிரை எண்ணலாம். முன்பல் ஒன்று விழுந்திருப்பது முத்துச்செல்வி சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது. இடது காதுத் தோடு திருகு தளர்ந்திருப்பது தெரிந்தது. எல்லாவற்றையும்விட, தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தக் கண்கள் இடுங்கிப்போவதும் நெற்றி சுருங்குவதும் தெரிந்தன. இத்தனை கோபமா என்று நினைத்து அவன் அழுதிருக்கிறான்.

போனில் கேட்டால் அவள் கோபமே இல்லை என்பாள். பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள், திடீரென்று, அப்பா எப்ப வருவீங்க என்பாள். நாளைக்குப் பார்த்தால் மறுபடி அதே சுளிப்பு. அவளைச் சிரிக்க வைக்க அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். சிவப்புச் சட்டை போட்டு நின்றான், டீக்கடை ரேடியோப் பாட்டுக்கு நடுத்தெருவில் ஆடினான், ஒரு நாள் சங்கிலியின் தோளில் ஏறி உட்கார்ந்தே கையை ஆட்டினான். தெருவே சிரித்தது, மிருதுளா சிரிக்கவில்லை. பிள்ளை மனசில் கசப்பு ஊறிப்போயிற்று, தூரம் போனாலும் இனி அவள் தன்னிடம் வரமாட்டாளோ என்று அவனுக்குப் பயம் பிடித்தது.

மேலத்தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் பேரூராட்சி அலுவலகத்துக்கும் கரண்டு. அது போனதோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பல்பும் போயிற்று. அடைமழை. சுவரெல்லாம் ஓதம் பூத்தது. ஒரு நாள் சாயங்காலம் தவசிமுத்து பெட்டியைத் திறந்து லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. படம் எடுக்கிறவர்கள் ஃபங்கஸ் என்பார்கள், பெயரைச் சொல்லும்போதே குரலைத் தணித்துக்கொள்வார்கள். லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்க விடுகிறவன் கையில் பிள்ளையைக்கூடக் கொடுக்காதீர்கள் என்று தவசிமுத்து தன் சேனலில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். பதறிப்போய்த் துடைக்கத் துணி எடுக்க டீக்கடைப் பக்கம் வந்தவன், மிருதுளா கேட்டில் நிற்பதைப் பார்த்து வழக்கம்போல ரெண்டெட்டு வைத்தான். டீக்கடை கூட வரவில்லை. இன்னும் நடந்தான். பக்கத்துத் தையல்கடை கடந்துபோயிற்று, அதற்கடுத்த உரக்கடை வாசலில் போய்த்தான் கால் மறுபடி நின்ற இடத்தில் நடக்கத் தொடங்கியது.

அவன் திரும்பிவந்து துணியை மடித்து வைத்தான். சிலிகா ஜெல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். குழுவினர் கேட்டபோது, லென்ஸுக்குத் தாகம் எடுத்திருக்கிறது, பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும் என்றான். ஆலோசகர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வெயிலுகந்தான் இரண்டு டம்ளர் வைக்கச் சொன்னார், குழுவில் ஒருவர் அதில் பன்னீரும் தெளித்தார்.

அதற்கப்புறம் ஃபங்கஸ் வளர வளர ஊர் சுருங்கத் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் ஒரு நாள் தெருவில் நேருக்கு நேர் பார்த்து, வேறு வழியில்லாமல், சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள். மனுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி அலுவலக வேப்பமரம்வரை வந்துவிட்டார்கள். இசக்கிராஜால் டிரான்ஸ்ஃபார்மரை எட்ட முடிந்தது. அவன் சொன்ன சொல் தவறாமல் ஒரு நிமிஷத்தில் கரண்டு கொடுத்தான். மேலத்தெருக்காரர்கள் ஃபேனுக்கடியில் போய் நின்றுகொண்டு, முதல் வேலையாக, தூரம் குறைந்தது ஊருக்கு நல்லதில்லை என்று தலைவருக்கு ஆள் அனுப்பினார்கள். கரண்டு வந்ததும் பல்பு எரிந்தது, பெட்டி உலர்ந்தது, தவசிமுத்து உரக்கடைக்கு அந்தப் பக்கம் ரேஷன் கடையோடு நின்றுபோனான். வெளிச்சத்தில் எல்லாருமே ஃபங்கஸைப் பார்த்துவிட்டார்கள். மதுரையிலிருந்து லென்ஸ் கழற்றிச் சுத்தம் செய்கிற மெக்கானிக்கை வெள்ளிக்கிழமை வரவழைக்கிறோம், எல்லாத் தூரமும் பழையபடி ஆகிவிடும், யாரும் பயப்பட வேண்டாம் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.

அன்றைக்குத் தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ரேஷன் கடையிலிருந்து பார்த்தால் மிருதுளாவின் பாவாடைப் பூ வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மறுபடி டீக்கடை, மறுபடி அந்தச் சுளிப்பு, அவள் பெரியவளாகிக் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் அதுதான். அவன் வியாழக்கிழமை குழுவின் முன்னால் போய் நின்று, தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தீர்ப்பை மறைத்துவைத்துக்கொண்டு ஒரு விமர்சனம் செய்தான். இந்த லென்ஸைப் பறவைக்குப் பார்த்தாயிற்று, நிலாவுக்குப் பார்த்தாயிற்று, கல்யாணம், கூட்டம், விளையாட்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஆனால் மழைக்குப் பார்க்கவில்லை. மழை தாங்கும் என்று பெட்டி மேல் கம்பெனி போட்டிருக்கிறதே தவிர யார் சோதித்தார்கள். சோதிக்காத லென்ஸை நம்பி ஒரு ஊர் தன் தூரத்தையெல்லாம் ஒப்படைத்திருப்பது சரியா என்று கேட்டான். குழுவினருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எதையும் முறைப்படி சோதிக்க வேண்டும் என்று வெயிலுகந்தான் சொல்லி, மத்தியானமே பஸ் ஸ்டாப் மைதானத்தில் பந்தல் போட ஏற்பாடு செய்தார்.

பந்தலுக்குள் நாற்காலிகளில் குழுவும் பெரியமனிதர்களும் வடையோடு உட்கார்ந்தார்கள், வெளியே கொட்டுகிற மழையில் ஸ்டாண்டின் மேல் லென்ஸ் நின்றது. அதன் பின்பக்கத்துத் தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையம் தவசிமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது. சேனலிலும் நேரலையாகப் போயிற்று. மலேசியாக்காரர்கள், துபாய்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி எந்தக் கம்பெனியும் தன்னை நம்பி ஒரு மூடியைக்கூட அனுப்பாது என்று அவனுக்குத் தெரியும். லென்ஸின் வயிற்றுக்குள் முதலில் ஆவி கட்டியது, அப்புறம் இளநீர்போலத் தண்ணீர் தளும்பியது, கண்ணாடிகளுக்கு நடுவே ஃபங்கஸ் பால்திரைபோல விரிந்து மூடியது.

“நண்பர்களே, இது எதுக்கும் ஆகாது. வாங்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவன் மைக்கை நாற்காலியில் வைத்தான்.

மழைக்குள்ளிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனுவைப் பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மனுக்காரர்கள், ஒரே குடைக்குள் வேறு வழியில்லாமல் மாமியாரும் மருமகளும், சேறு அப்பிய காலோடு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, மதுரையிலிருந்து எதற்கோ அந்தப் பக்கம் வந்திருந்த ஜெரோம். எல்லாருக்கும் நனையாத இடம் அந்த ஒரு பந்தல்தான் என்பதால் அத்தனை பேரும் அதற்குள் அடைந்தார்கள். தலைவரின் வடைத்தட்டுக்கு மேலாக மனுக்கள் நீண்டன. இசக்கிராஜ் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளி உக்காருங்க பெரியவரே என்றான். தள்ளி உட்கார இடம் இல்லை.

தவசிமுத்து அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. டீக்கடையைக் கடந்து ஓடினான், தையல்கடை போயிற்று, உரக்கடை போயிற்று, ரேஷன் கடை போயிற்று, ஒன்றும் கூட வரவில்லை. கேட்டுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றான். மிருதுளா வாசற்படியில் மழைத்தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். அவன் இவ்வளவு கிட்டே வந்தும் கோபம் தீரவில்லையே என்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவள் படியிறங்கினாள். மழையில் நனைந்துகொண்டே வந்தாள். கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அவள் நெற்றி விரிந்தது.

“அப்பா! நீங்கதானா? மீசைய எப்பப்பா எடுத்தீங்க?”

அந்த மீசையைப் புரட்டாசி முதல் வாரத்தில் எடுத்தாயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள் தவறாமல், மீசையில்லாத அந்த முகத்தோடுதான் அவன் அவளுக்கு எதிரே நின்று கையை ஆட்டியிருக்கிறான். தவசிமுத்து அவள் முன்னால் தண்ணீரில் மண்டியிட்டான்.

“தினமும் டீக்கடை முன்னால நின்னு உனக்குக் கை காட்டுனேனே தாயி. நீ பாக்கலையா?”

“டீக்கடை எங்கப்பா தெரியும்? அந்தக் கடைசியில மஞ்சளா ஒண்ணு மங்கலாத் தெரியும், அதான் டீக்கடைன்னு அம்மா சொல்லுவாங்க. நான் தினமும் உத்து உத்துத்தான் பாப்பேன்.” அவள் அவன் கன்னத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, பரீட்சையில் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளையைப்போலச் சொன்னாள்: “தூரத்துல இருந்தா எல்லாருக்கும் அப்படித்தானப்பா தெரியும்?”